புளியமரத்துக்குத் தெற்கே ஒரு வீடு

மேன்மை தங்கிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்து இலங்கைத்துறை முகத்துவாரத்தில் 20 பேர்ச் காணியும் அதிலொரு சின்ன வீடும் வாங்கப் போய், அச்சாரம் கொடுத்த கையோடு நிற்கும் ஒருவன் எழுதிக்கொள்வது. தாங்கள் 1827 இலேயே காலமாகிவிட்டதை அறிவேன். உயிரோடிருக்கும் அதிகாரிகளுக்கு எழுதினால் கடிதம் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு நடந்துகொண்டே இருக்கும். தங்களுக்கு எழுதினால் அந்த அலைச்சல் இல்லை.

1800 ஓகஸ்ட் 2 ஆம் திகதி இங்கே நில அளவைத் திணைக்களத்தைத் தொடக்கிவைத்தவர் தாங்கள். திருகோணமலைக் கோட்டைக்கு பிரடெரிக் என்று பெயர் இருப்பதால் அதுவும் தங்களுடையதென்றே நெடுநாள் நினைத்திருந்தேன். யோர்க் கோமகனுடையதாம். பெயரைப் பார்த்துச் சொத்தை நம்பக்கூடாது என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

விற்கிறவர் காட்டியது மடிப்பில் கிழிந்த ஒரு பழைய உறுதி. வடக்கு: புளியமரம். கிழக்கு: ஒழுங்கை. தெற்கு: இன்னாரின் பெண்சாதிக்கும் பிறருக்கும் சொந்தமான காணி. மேற்கு: களப்பு. விஸ்தீரணம் ஏக்கர் 0, றூட் 0, பேர்ச் 20. இல்லாத ஏக்கரையும் றூட்டையும் ஏன் எழுதுகிறீர்கள் என்று நொத்தாரிசைக் கேட்டேன். “வெறுமையாய் விட்டால் ஆரும் ஒண்டைப் போட்டுவிடுவாங்கள்” என்றார். 160 பேர்ச் ஓர் ஏக்கர், ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. எண்ணுக்கு இவ்வளவு காவல் போட்ட உறுதி, எல்லையை மட்டும் ஒரு மரத்தை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இதில் தங்களுக்கும் பங்குண்டு. அளவைக்கு முதல் தலைவராகத் தாங்கள் வைத்தது ஜோன்வில் என்ற பிரெஞ்சுக்காரரை. இயற்கை ஆராய்ச்சிக்காரர். அந்தத் தோஷந்தானோ என்னவோ, எங்கள் உறுதிகளில் எல்லையெல்லாம் புளியாயும் வேம்பாயும் நிற்கிறது. ஒரு கொத்தனாரை வைத்திருந்தால் கல்லாவது மிஞ்சியிருக்கும்.

சேவையர் வந்தார். 2002 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்கச் சட்டப்படி ஆண்டுதோறும் அனுமதி எடுக்கிறவர். தங்கள் காலத்தில் 66 அடிச் சங்கிலியை இழுத்துத் திரிந்தார்கள். இவரிடம் முக்காலியில் ஒரு மஞ்சள் பெட்டி. கையாள் பொடியன் கண்ணாடி பூட்டிய கம்போடு ஓடி ஓடி நிற்க, பெட்டி சென்ரிமீற்றர் பிசகாமல் தூரம் சொன்னது. “சரி, முதல் கட்டையை எங்கை அடிக்கிறது?” என்று சேவையர் கேட்டார். அது பெட்டிக்குத் தெரியாது.

புளியைத் தேடினோம். 2004 டிசம்பரில் கடல் ஏறி இறங்கிய ஊர் இது. 2006 இல் ஷெல்லுக்கு அஞ்சி வாகரைப் பக்கம் ஓடிய ஊர். தெற்குப் பக்கத்து ஆச்சி வந்தா. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மணலைத் துழாவித் துழாவி நடந்தா. ஓரிடத்தில் நின்று, “இஞ்சதான் தம்பி நிண்டது. கொத்திப் பார்” என்றா. பொடியன் கொத்தினான். முழங்கை ஆழத்தில் கறுத்துப்போன ஒரு வேர். சேவையர் குனிந்து குறித்துக்கொள்வதற்குள் வடக்குக் காணிக்காரர் வந்து வேரைக் கிள்ளி முகர்ந்தார். “இது வேம்பு. புளி அங்கால நிண்டது” என்று ஆறடி தள்ளிக் காட்டினார். தள்ளியது எங்கள் பக்கமாய்த்தான். மரங்கள் செத்த பிறகு நடப்பதை ஜோன்வில் எங்காவது எழுதியிருக்கிறாரா?

வேலிகள் நடப்பதற்காவது சட்டம் இருக்கிறது. தடையில்லாமல் பத்து வருடம் ஆண்டால் காணி ஆண்டவனுக்கு, இது 1871 இன் ஏற்பாடு. வருடம் ஒரு கதியால் அரக்கி நட்டாலே பேத்தி கலியாணத்துக்குள் ஒரு கிணற்றைத் தாண்டிவிடலாம். போருக்குள் அகப்பட்டு வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராய் எண்ணக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் கதியாலுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அது அந்த இருபத்தாறு வருடமும் பூவரசாய்த் தழைத்து நின்றுவிட்டது.

மரம் தேடாமல் அளக்கிற வித்தையும் இந்த மாவட்டத்தில் உண்டென்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். சம்பூரில் 818 ஏக்கரை அரசாங்கத்தார் வர்த்தமானியில் எழுதி எடுத்தார்கள், 2015 இல் வர்த்தமானியில் எழுதி விடுவித்தார்கள். புளி எது, வேம்பு எது என்று யாரும் வேரை முகரவில்லை. நான் கேட்பது வெறும் இருபது பேர்ச். அதனால்தான் இவ்வளவு கஷ்டம் என்று படுகிறது.

மிச்சம் மேற்கு எல்லை. களப்பு மாரியில் கிணற்றடி வரைக்கும் வரும், கோடையில் கூப்பிட்டாலும் வராது. “எந்த மாதத்துக் களப்பை எழுதுறது?” என்று சேவையர் கேட்டபோது நொத்தாரிசு என்னைப் பார்த்தார், நான் ஆச்சியைப் பார்த்தேன், ஆச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டா.

பிளானின் பிரதியொன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாள் ஈரமாய் வந்து சேர்ந்தால், மேற்கு எல்லை வந்திருக்கிறது என்று கொள்ளவும்.

இங்ஙனம்,
ஏக்கர் 0, றூட் 0 வரைக்கும் தகராறில்லாத உரித்தாளன்