எந்த லினக்ஸ் போடலாம், அண்ணே?

‘அக்கா பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்கா. பழைய லேப்டாப்தான். எந்த லினக்ஸ் போடலாம்ணே?’ என்று மட்டும் எங்கள் தெரு லினக்ஸ் அண்ணனிடம் கேட்டுவிடாதீர்கள்.

மின்ட் என்பார். நல்ல பதில்தான். 2006 முதல் வருகிறது, விண்டோஸில் பழகிய கைக்கு மிரட்சி இருக்காது. வீட்டுக்கு வந்து, ஏறக்குறைய மூன்று ஜிபியை இறக்க ஆரம்பிப்போம். பாதி இறங்குவதற்குள் போன் வரும்.

‘தம்பி, மின்ட் வேணாம். அதுக்கு அப்பன் உபுண்டு. நேரா அதையே போட்டுடு.’

உபுண்டு இறங்கும்போது அடுத்த போன். ‘உபுண்டுவுக்கு அப்பன் டெபியன். 1993-லேர்ந்து இருக்கான். எதுக்கு நடுவுல ஆளு?’

அதற்கு மேல் அப்பன் இல்லை என்று நாம் மூச்சு விடும்போது, ஒட்டு உறவே இல்லாத பெடோரா வந்து நிற்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்ச். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஏற்ற வேண்டும். ‘கத்துக்கட்டுமேப்பா!’ அவள் படிப்பது பி.காம்.

இந்த ஆளை ஒருமுறை நம்மூர் காஞ்சியின் ஜினர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சங்கீத மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகளை வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘டெபியன் வம்சத்தையும் இப்படி வரையலாம் தம்பி, ஆனா இடம் பத்தாது’ என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, தறிக்குழியில் காலை விட்டபடி அக்கா வீட்டுக்காரர் இந்த லினக்ஸ் மாற்றங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ‘பாவு ஏத்திட்டா மூணு சேலை அறுக்கிற வரைக்கும் நாங்க மாத்த மாட்டோம். உங்க ஊடு என்னா ஊடுப்பா?’ அண்ணன் சிரித்தார். பென்டிரைவை மட்டும் சட்டைப்பைக்குள் வைக்கவில்லை.

மனிதர் நல்லவர். காசு வாங்க மாட்டார், டீ போதும். 2011-இல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்தவர் இவர் ஒருவர்தான். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைவிட்டபோது, எடைக்குப் போட இருந்த பெட்டிகளை உட்கார்ந்து உயிர்ப்பித்தார். தமிழ்99 விசைப்பலகை வரை கேட்காமலே வைத்துக் கொடுப்பார்.

ஆனாலும், திங்கட்கிழமை அசைன்மென்ட் என்று தெரிந்தே, ஞாயிறு ராத்திரி ‘இதைவிட லேசா ஒண்ணு வந்திருக்கு’ என்று டிஸ்கை அழித்தது அநியாயம். பிள்ளைக்குப் போனது ஒரு பருவத்துப் பாடக்குறிப்பு. அவருக்கு அது வெறும் பார்ட்டிஷன். அழுதவளிடம் ‘பேக்கப் எடுக்கலையாம்மா?’ என்று கேட்டாரே, அதை மன்னிக்க முடியாது.

ஆகவே அவரைக் கேட்காமல் குறித்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ராம் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி என்றால் மின்ட் சின்னமன், இல்லை உபுண்டு எல்டிஎஸ். ஐந்து வருஷம் அப்டேட் வரும், டிகிரியே முடிந்துவிடும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம் இரண்டும் வந்தால், கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2012 முதல் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இணையதளம் இருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டே தீர வேண்டுமென்றால், கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் கூப்பிடுங்கள்.