காலண்டரில் ஒரு குடித்தனக்காரர்

மரக்காணம் என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்குத் தெரிந்தது பனையோலை போர்த்திய உப்புக் குவியலும் கண் கூசும் வெயிலும்தான். இந்த உப்பு மண்ணில் பூச்சிக்கு என்ன வேலை என்பார்கள். பாத்தி வரப்பில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தால் தெரியும். உப்புத் தண்ணீர் விளிம்பில் பொடி ஈக்கள் மொய்த்துக் கிடக்கும். நம் நிழல் பட்டதும் மொத்தமாக எழும்பி, நாலடி தள்ளி மறுபடி உட்காரும். பூச்சிக்கு உப்பு ஆகும், கடல்தான் ஆகாது. பெயர் வைத்த பூச்சி வகைகள் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம். நடுக்கடலிலேயே பிறந்து அங்கேயே வாழ்பவை அதில் ஐந்தே வகை. சாப்பிடும்போது இதைச் சொன்னேன். “அந்த அஞ்சையும் புடிச்சிட்டு வாப்பா” என்றான் சின்னவன்.

அவனுக்கும் அவன் அக்காவுக்கும் பள்ளிக்கூடம் போக மிச்ச நேரமெல்லாம் பூச்சி பிடிக்கிற வேலை. நானும் தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு பொன்வண்டு வளர்த்தவன். முட்டை வைத்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம் திறந்து பார்த்து அதன் நிம்மதியைக் கெடுத்தவன். (இவர்களுக்குப் பொன்வண்டு என்றால் துணி சோப்பு.) எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன்: பூச்சி எதுவும் வாடகைக்குத்தான், கெடு முடிந்தால் காலி பண்ணிவிட வேண்டும்.

தட்டானுக்குக் கெடு பத்து நிமிஷம். மழை விட்ட ஐப்பசி வெயிலில் கழுவெளிப் பக்கம் கூட்டமாகப் பறக்கும். இந்த மஞ்சள் தட்டான்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று, மாலத்தீவில் இருந்து கவனித்த சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். அப்பேர்ப்பட்ட பயணியின் வாலில் நூல் கட்டி, கல் தூக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தான் சின்னவன். “விடுடா, அது ஆப்பிரிக்கா போவணும்” என்று அக்காதான் நூலை அவிழ்த்துவிட்டாள்.

குழியானைக்கு இரண்டு நாள். தாழ்வாரத்து மணலோடு அள்ளி டபராவில் விட்டால், பின்பக்கமாகவே நடந்து, வட்டமடித்து, தலையால் மணலை விசிறி விசிறிக் குழி பறித்துவிடும். விளிம்பில் எறும்பு சறுக்கினால் அடியிலிருந்து மணலை வாரி அடிக்கும். ஒரு கணம் இரண்டு கொக்கித் தாடைகள் தெரியும். அப்புறம் எறும்பு தெரியாது.

“இது எங்கப்பா கக்கூஸ் போவும்?”

போகாது. குழியானைக்கு அந்த வாசலே கிடையாது. மாதக்கணக்கில், சில வகைகளில் வருஷக்கணக்கில், தின்றதன் கழிவையெல்லாம் வயிற்றிலேயே வைத்திருந்து, கூட்டுக்குள் இருந்து இறக்கையோடு வெளியே வந்த பிறகுதான் கழிக்கும். கேட்டுக்கொண்டிருந்த ஆயா, அதாவது என் அம்மா, டபராவைப் பரிவோடு எட்டிப் பார்த்தார். “பாவம்டா, ராத்திரிக்குக் கொஞ்சம் கடுக்காப் பொடி குடேன்.”

அந்தப் பரிவு எருக்கம் புழுவிடம் செல்லவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக வரி, நடுவே மஞ்சள் புள்ளி, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. எருக்கம் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் இதைச் சீண்டுவதில்லை. “எருக்கு மொளச்ச வூடு உருப்படுமா?” என்றார் ஆயா. பிள்ளையாருக்கு மட்டும் எருக்கம்பூ மாலை போடலாமா என்று பெரியவள் மடக்கினாள். அன்று ஆயாவிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சமையலறை அலமாரியில் சிந்திக் கிடந்த கடுகைப் பொறுக்கி அஞ்சறைப்பெட்டியில் போடப் போனவர், பக்கத்தில் புழு டப்பா இருந்ததைப் பார்த்தார். “எங்க பிள்ளையாரு புழுக்க போடமாட்டாரு” என்ற பதில் அப்போதுதான் கிடைத்தது.

சமாதானமாக பிரான்ஸ் தேசத்து ஃபாபர் கதையைச் சொன்னேன். 1879-இல் செரினியான் கிராமத்தில் பூச்சி பார்ப்பதற்கென்றே தோட்டம் வாங்கி, 1915-இல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். ஒரு நாள் பெரிய பெண் அந்துப்பூச்சி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். ராத்திரி அதன் வாசம் பிடித்து ஆண் பூச்சிகள் ஜன்னல் வழியாக நாற்பது வரை வந்திறங்கின. அவர் பொடிப்பையன் அரைகுறை உடுப்போடு வீடெல்லாம் கத்திக்கொண்டு ஓடினான்.

“நாப்பது மாப்பிள்ளையா?” என்றார் ஆயா. “வூட்டுக்கார அம்மா இன்னா பாடு பட்டாளோ.”

எருக்கம் புழு கெடுவை மதிக்கவில்லை. மூடி திறந்திருந்த நேரம் பார்த்துக் கிளம்பி, சுவரேறி, தினசரிக் காலண்டரின் அன்றைய தாளில் தலைகீழாகத் தொங்கிவிட்டது. மறுநாள் தோல் உரிந்து, பொன் பொட்டு வைத்த பச்சைக் கூடாக இருந்தது. “தேதி கிழிக்கக் கூடாது” என்று பெரியவள் சீட்டு ஒட்டினாள். வீட்டில் தேதி நின்றது. தினம் அதே ராகுகாலம், அதே ராசிபலன். ஆயாவின் ராசிக்கு ‘உறவினர் வருகை’ என்று போட்டிருந்தது. தினமும் ஒரு ஆழாக்கு அரிசி கூடவே உலையில் விழுந்தது.

ஒரு காலை கூடு கண்ணாடியாகி, உள்ளே ஆரஞ்சு இறக்கை தெரிந்தது. பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, வண்ணத்துப்பூச்சி கசங்கி வெளியே வந்து, சாவகாசமாக இறக்கையை விரித்து, காலண்டர் மேல் இரண்டு சொட்டு விட்டுவிட்டு ஜன்னல் வழியே போனது. நிலுவைத் தாள்களை நான் மொத்தமாகக் கிழித்தேன். நடுவில் ஒன்று அமாவாசை. தாத்தாவுக்குப் படையல் போடாமல் போய்விட்டதே என்று நான் தயங்கி நிற்க, ஆயா தாளை வாங்கிப் பார்த்தார்.

“போவட்டும் விடு. இருந்த காலத்துலயும் அந்த மனுசன் நேரத்துக்கு சோத்துக்கு வந்ததில்ல.”