ஒரு ரன், ஒரு ஹிட்

அமெரிக்கா வந்த புதிதில், பேஸ்பால் ஆட்டத்தைவிட மறுநாள் பேப்பரில் வரும் பாக்ஸ் ஸ்கோர்தான் எனக்கு முதலில் பிடித்துப்போனது. கிரிக்கெட் ஸ்கோர் கார்டு பார்த்து வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அதை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக்கும் இங்கிலாந்தில் பிறந்து, கிரிக்கெட் செய்திகள் எழுதியவர்தான்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், குறைந்த ரன் ஆட்டங்களை வாசிக்கக் கற்றுத் தந்தார். அவர் காட்டிய பழைய பாக்ஸ் ஸ்கோர்களில் ஒன்று, 1965 செப்டம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த ஆட்டத்துடையது. டாட்ஜர்ஸ் 1, கப்ஸ் 0. நேரம் 1 மணி 43 நிமிடம். டாட்ஜர்ஸின் சாண்டி கோஃபாக்ஸ் 27 பேருக்குப் பந்து வீசி, 27 பேரையும் அவுட்டாக்கினார். அதில் 14 பேர் ஸ்ட்ரைக் அவுட்.

"இப்போ அடுத்த வரியைப் படிங்க" என்றார் அவர். தோற்ற கப்ஸ் பந்து வீச்சாளர் பாப் ஹெண்ட்லியின் வரி அது: 8 இன்னிங்ஸ், ஒரு ஹிட், ஒரு ரன். அந்த ரன்கூட அவர் கணக்கில் சேராத ரன். ஐந்தாவது இன்னிங்ஸில், பந்தை அடிக்காமலே வாக்கில் முதல் பேஸுக்குப் போன டாட்ஜர்ஸின் லூ ஜான்சன், ரான் ஃபேர்லியின் பன்ட்டில் இரண்டாவது பேஸுக்குப் போய், மூன்றாவதைத் திருடினார். அவரைப் பிடிக்க கேட்சர் எறிந்த பந்து தவறிப்போக, ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். ஆட்டத்தின் ஒரே ஹிட்டும் ஏழாவது இன்னிங்ஸில் ஜான்சன் அடித்ததே, அது ரன்னாகவில்லை. ஹிட்டே இல்லாமல் வந்த ரன்தான் வெற்றியைத் தந்தது.

இன்று எல்லாம் என் போனில் வருகிறது. 2015 முதல் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு முறை, ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கிறது. ஆர்வத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் ஒரே பந்து வீச்சாளரின் பெயர் முழு ஆட்டத்தையும் தாங்கிய இடத்தில் இப்போது நான்கைந்து பெயர்கள். 2022 ஏப்ரலில் அதே டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா, ஏழு இன்னிங்ஸில் ஒருவரையும் பேஸுக்கு விடவில்லை. 80 பந்துகளோடு அவரை நிறுத்திவிட்டார்கள். முந்தைய ஆண்டு காயம்பட்ட கை. அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் முடிவு சரியென்றே நினைக்கிறேன். 1965இல் 27 ஆட்டங்களைத் தொடங்கி முடித்தவர் கோஃபாக்ஸ். முழங்கை மூட்டு வாதத்தால் அடுத்த ஆண்டே, 30 வயதில் ஓய்வு பெற்றார். அந்த வலிக்கு பாக்ஸ் ஸ்கோரில் கட்டம் கிடையாது. அன்றைய பதிவு, மனிதன் செய்ததை முழுதாகக் காட்டியது. அதற்கு அவன் கொடுத்த விலையைக் காட்டவில்லை. இன்று அந்த விலையை முன்கூட்டியே கணக்கிடுகிறோம்; அதனால் முழு ஆட்டம் அபூர்வமாகிவிட்டது.

இரண்டு காலத்துக்கும் பொருந்துவது அந்த மூத்தவர் சொன்னதுதான்: தோற்றவர் வரியையும் படிக்க வேண்டும். படிப்பவருக்குப் பலனும் உண்டு. 1965இன் அந்த ஆட்டத்துக்கு ஐந்தே நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, சிகாகோவில் அதே இரு பந்து வீச்சாளர்களும் மீண்டும் மோதினார்கள். கப்ஸ் 2, டாட்ஜர்ஸ் 1. ஜெயித்தவர் பாப் ஹெண்ட்லி.