ஒரே வலையில் மூன்று மீன்

கேள்வி: எந்தப் பொருளை எடுத்தாலும் 'பசுமை நிறுவனம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். உண்மையிலேயே மாறிய நிறுவனம் ஒன்றாவது உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கும் 'இன்டர்ஃபேஸ்'. தரைவிரிப்பு செய்கிறவர்கள். பெட்ரோலியத்தில் பிறக்கும் நைலான்தான் முக்கிய மூலப்பொருள். 'சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று 1994-இல் வாடிக்கையாளர்கள் கேட்டபோது, நிறுவனர் ரே ஆண்டர்சனிடம் பதில் இல்லை. மழுப்பாமல், சுற்றுச்சூழல் எழுத்தாளர் பால் ஹாக்கன் எழுதிய நூலைப் படித்தார். அது நெஞ்சில் ஈட்டியாய்ப் பாய்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். 2020-க்குள் பூமிக்குச் செய்யும் தீங்கைப் பூஜ்யமாக்குவது என்று இலக்கு வைத்தார்கள்.

2012-இல் பிலிப்பைன்ஸ் கடலோரக் கிராமங்களில், கிழிந்து வீசப்பட்ட நைலான் வலைகளை விலைக்கு வாங்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். கடலுக்குச் சுத்தம், மீனவர் வீட்டுக்கு வருமானம், விரிப்புக்கு நூல். ஒரே வலையில் மூன்று மீன்!

பச்சையில் இரண்டு வகை: பெயின்ட், இலை. பெயின்டை ஒரே நாளில் அடித்துவிடலாம். இலை வேரிலிருந்துதான் வர வேண்டும். எண்ணும் ஆண்டும் குறித்து வாக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் கணக்கும் காட்டுகிறார்களா என்று பாருங்கள். அதுதான் வேர்.