கேளுங்கள், சொல்கிறேன்

● கிரேக்கப் புராணத்தில் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாளாமே! அதைக்கூடவா படமாக வரைந்தார்கள்?
(பேகம்பூர் வாசகர்)

வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா, 1838இல். கணவன் ஜேசன் இன்னொருத்தியைக் கட்டப் போய்விட்டான். ஆத்திரத்தில் மெடியா இரண்டு பிள்ளைகளையும் குகைக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறாள், கையில் குத்துவாள். படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. துரத்தி வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள், கண்கள் நிழலில். பிள்ளைகளை அவள் அணைத்திருக்கிறாளா, தப்பவிடாமல் பிடித்திருக்கிறாளா? இரண்டும் ஒரே பிடிதான். அங்கேதான் மனிதர் ஜெயிக்கிறார். படம் இப்போது லில் நகர அருங்காட்சியகத்தில்.

● அப்படியானால் நம் நல்லதங்காள் அவளுக்குத் தங்கச்சி முறையா?
(வத்தலக்குண்டு வாசகி)

தூரத்து உறவுகூட இல்லை, தாயி. மெடியா கொன்றது புருஷனைப் பழிவாங்க. காரியம் முடிந்ததும் தேரேறிப் போய்விட்டாள். நல்லதங்காளைத் துரத்தியது பசி. பஞ்சத்துக்குப் பயந்து அண்ணன் வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு வந்தாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதித்தாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. மெடியாவைக் கும்பிட யார் இருக்கிறார்கள்?

● ரவி வர்மா இந்த மாதிரி வரையவில்லையா?
(நாகல் நகர் பூட்டுக் கடைக்காரர்)

ஜடாயு வதம் இருக்கிறதே! தெலக்ருவா கத்தியை நிறுத்திவைத்தார், ரவி வர்மா வெட்டியே விட்டார். சிறகு அறுந்தாயிற்று. என் ஓட்டு தெலக்ருவாவுக்கு. வெட்டு விழுந்த பிறகு பார்க்கிறவன் பயப்பட என்ன மிச்சம்? ஆனால் முகத்தை மூடிக்கொள்ளும் சீதையின் கைக்காக ரவி வர்மாவுக்கு அரை ஓட்டு போடலாம்.

● சோகப் படத்தை வீட்டில் மாட்டலாமா?
(சின்னாளபட்டி வாசகி)

1894இல் பம்பாயில் அச்சகம் வைத்த ரவி வர்மாவையே நம் பூஜை அறைக்குள் கொண்டுவந்தவர்கள் லட்சுமியும் சரஸ்வதியும்தான். நல்லதங்காளைப் போட்டுக் காலண்டர் அடிக்கச் சிவகாசியில் எவருக்கும் துணிச்சல் வராது. வாரத்துக்கு ஏழு நாள் வேறு!

● எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் சோகச் சிற்பம் உண்டா?
(தாடிக்கொம்பு வாசகர்)

ரதியும் மன்மதனும் இருக்கிறார்களே! சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பதற்கு முந்தைய மன்மதன். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அவரிடம்தான் வரிசையில் நிற்கிறோம். சாம்பலானவரிடம் போய் வரன் கேட்கிற தைரியம் கிரேக்கனுக்கு வருமா?