மஞ்சளா, நீலமா?

பட்டிப்பொலவில் சுவருக்கு நிறம் தேர்வதென்றால், முதலில் சுவர் கண்ணுக்குத் தெரிய மூடுபனி இடம் கொடுக்க வேண்டும். 6,200 அடிக்கு மேலே, இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் எங்கள் ஊருடையது. ஆனால் இறங்குகிறவர்களோ ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற அவசரத்தில் எங்கள் பெருமையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

தீபாவளிக்கு முன் காம்பராவுக்குப் பெயின்ட் அடிக்க முடிவாயிற்று. எனக்குக் கடும் நீலம். மனைவிக்கு வெளிர் மஞ்சள்.

"ஏங்க, வெளியிலதான் பொழுதுக்கும் இருட்டிக் கெடக்கு. உள்ளயும் இருட்டாக்கணுமா?"

அவருக்கு விஞ்ஞானமும் துணை. வெளிர்நிறச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கை அறைக்கே திருப்பித் தரும். கடும் நீலம் அத்தனையையும் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. இருக்கும் ஒரே ஜன்னலையும் குளிருக்குச் சாத்திவைக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

என் கட்சிக்குச் சாட்சி, விறகடுப்பும் சொந்தக்காரர்களும். மஞ்சள் சுவரில் புகைக்கரி ஒரே மாதத்தில் கையெழுத்துப் போடும். வந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்தால் தலையெண்ணெய் வட்டம் வட்டமாகப் பதியும். உயரத்தை வைத்தே எது மாமா, எது சித்தப்பா என்று சொல்லிவிடலாம். நீலம் எதையும் காட்டிக்கொடுக்காது.

சுவரில் இரண்டையும் கொஞ்சம் பூசிப் பார்த்தோம். காலைப் பனியில் இரண்டுமே சாம்பல். இரவு, மஞ்சள் பல்பின் கீழே நீலம் கறுப்பானது, மஞ்சள் வெள்ளையானது. ஐப்பசி மழையில் இரண்டும் காய்வதாகவும் இல்லை. 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் எமல்ஷன் ஒழுங்காகப் பிடிக்காது. எங்கள் ஊர்க் குளிருக்கு அது தெரியாதே!

"சுண்ணாம்பு அடிச்சா பூஞ்சணம் புடிக்காதுடா" என்றார் அம்மா. அது கிழவிப் பேச்சல்ல. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. தோட்டத்து லயத்துக்கு வெள்ளையடித்த காலத்தில் நிறச் சண்டையே இருந்ததில்லை. எந்த நிறம் வேண்டுமென்று தொரை வந்து கேட்டால்தானே சண்டை போட! புருஷனும் பெண்டாட்டியும் நிறத்துக்காக முறைத்துக்கொள்வதே எங்கள் வம்சத்தில் புது வசதி. அதனால் நானும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் காம்பராவுக்கு மஞ்சள், குசினிக்குச் சுண்ணாம்பு. நீலம் கதவோடு நின்றது. தீபாவளிக்கு வரும் உறவினர்கள் அன்புகூர்ந்து நிமிர்ந்து உட்காரவும்.