அச்சில் ஓடும் குதிரைகள்: விளம்பரத் திறனும் வீதித் திறனும் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் விளம்பரத்தில் அச்சாகும் குதிரைத்திறனுக்கும் அந்தக் கார் சாலையில் காட்டும் திறனுக்கும் என்ன உறவு என்ற வினா, கடவுள் உண்டா என்ற வினாவைவிட அதிக ஆவேசத்தோடு மெக்கானிக் ஷெட்டுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் விவாதிக்கப்பட்டு வருகிறது. ஆனாலும் அறிஞர் பெருமக்கள் இதுவரை இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இத்துறையில் இரண்டு மதங்கள் உண்டு. விளம்பர எண் எப்போதும் மிகைக்கூற்றே என்பது முதல் மதம். எண் மெய்யே, வழியில் கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மிச்சம்தான் நமக்குக் கிடைக்கிறது என்பது இரண்டாவது மதம். இரண்டும் பொருந்தா என்க. அந்த எண்ணை எஞ்சினைப் பற்றிய செய்தியாகப் படிப்பதே பிழை. நிறுவனம் அந்த நேரத்தில் யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்பதைத்தான் அது தெரிவிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒரே பிள்ளையின் வயதை ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் ஒன்றாகவும், பள்ளிச் சேர்க்கையில் வேறொன்றாகவும், பின்னாளில் கல்யாணத் தரகரிடம் இன்னொன்றாகவும் சொல்லிப் பழகிய சமூகத்துக்கு இதை ஏற்பதில் சிரமம் இராது.

இந்த அலகின் பிறப்பிலேயே விளம்பரம் கலந்திருக்கிறது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினை, ஏற்கெனவே குதிரை கட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த ஆலை முதலாளிகளிடம் விற்கவேண்டியிருந்தது. எத்தனை குதிரைக்கு இது சமம் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று சுற்றி 180 பவுண்டு விசையோடு இழுக்கும் குதிரையை அவர் கணக்கில் எடுத்தார். பெருக்கி வந்த விடையை மேல்நோக்கி முழுமையாக்கி, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வைத்தார். நாள் முழுக்க அந்த வேகத்தில் உழைக்கும் குதிரை அரிது. குதிரையின் மதிப்பைக் கூட்டிச் சொன்னதால், பத்துக் குதிரைக்குப் பதிலாக எஞ்சின் வாங்கியவர் ஏமாந்ததாக நினைக்கவே வழியில்லை. பிற்காலத்தில் இதே அலகு வரி அதிகாரியின் கைக்குப் போனபோது திசை மாறியது. பிரிட்டனில் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துக் குதிரைத்திறன் வரி போட்டார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வருகிறது என்பதை வாய்பாடு கேட்கவில்லை. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடனே ஒல்லியாகவும் நெட்டையாகவும் வளர்ந்தன. பிரான்ஸில் 1948இல் அறிமுகமான சித்ரோயன் 2சிவி, வரிக் கணக்கில் இரண்டு குதிரை என்று பெயரிலேயே அறிவித்துக்கொண்டு ஒன்பது குதிரைத்திறனோடு ஓடியது. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று எவரும் சொல்லார். ஆயினும் விளம்பரத்தைப்போல் நாலரை மடங்கு திறன் தந்த வண்டி என்ற வகையில், இத்துறையில் அதற்குரிய இடத்தை மறுக்க முடியாது.

முதல் மதத்தார்க்கு வலுவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1970களின் தொடக்கம்வரை அங்கே எஞ்சினைத் தனியே கழற்றி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் முதலிய சுமைகள் ஏதுமின்றிச் சோதனை மேசையில் ஓட்டிப் பெற்ற எண்ணையே அச்சிட்டார்கள். 1972இல் உள்ளபடி பொருத்தி அளக்கும் முறை பொதுவழக்கானதும், முந்தைய ஆண்டு 330 குதிரை என்று ஷெவர்லே விற்ற கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 255 ஆக இளைத்தது. இளைப்பில் பெரும்பங்கு அளவுமுறையினுடையது. இதோடு நிறுத்திக்கொண்டால் முதல் மதமே வென்றதாகும். ஆனால் அதே ஷெவர்லே, அதற்குச் சற்று முன் 1960களில், அதே கார்வெட்டுக்கு எல்88 என்ற பந்தய எஞ்சினையும் பட்டியலில் வைத்திருந்தது. அதன் விளம்பரத் திறன் 430. அதைவிடச் சாதுவான, சாலைக்கென்றே செய்த எல்71 எஞ்சினின் விளம்பரத் திறன் 435. எல்88 உண்மையில் 500ஐத் தாண்டும் என்பது எஞ்சின் அறிந்தோர் அனைவரும் ஒப்புக்கொண்டது. காரணம் எளிது. அந்த எஞ்சினைப் பந்தயக்காரர் மட்டுமே வாங்கவேண்டும் என்று நிறுவனம் விரும்பியது. ஊர்சுற்ற வாங்கும் வாலிபர் அதிக எண்ணைத்தான் தேடுவார் என்பது அதற்குத் தெரியும். அப்படியும் விடாதவரை விரட்ட ரேடியோவையும் ஹீட்டரையும் எடுத்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பந்தய வகுப்பு பிரிக்கும் நடுவரும் கேட்கும் எண் சிறியதாக இருப்பதே நலம் என்பதை அக்காலத்தில் மற்ற நிறுவனங்களும் உணர்ந்திருந்தன. 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு ஃபோர்டு கொடுத்த 335 என்ற எண்ணை, அதை எதிர்த்து ஓடியவர் எவரும் நம்பியதில்லை.

ஜப்பானில் இந்த அடக்கம் ஒரு தேசிய ஒழுக்கமாகவே உயர்ந்தது. 1980களின் இறுதியில் அங்கே சாலைச் சாவுகள் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியபோது, அரசு சட்டம் போடுமுன் தாமே முந்திக்கொள்வது நல்லது என்று கார் நிறுவனங்கள் கருதின. 1989இல் நிஸான் ஃபேர்லேடி இசட் காருக்கு அறிவித்த 280ஐ எவரும் தாண்டுவதில்லை என்று தமக்குள் பேசிக்கொண்டன. அன்றிலிருந்து 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று வாய் திறக்கும்வரை, ஜப்பானின் எஞ்சின்களிடையே ஓர் அதிசய ஒற்றுமை நிலவியது. ஆறு சிலிண்டரும் இரண்டு டர்போவும் கொண்ட ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும் 280. அதே வகை எஞ்சின் கொண்ட சூப்ராவுக்கும் 280. டர்போவே இல்லாத என்எஸ்எக்ஸுக்கும் 280. ஆண்டுதோறும் புது மாடல் வந்தது, டர்போ மாறியது, வேகம் கூடியது. எண் மட்டும் அசையவில்லை. 1999இல் வந்த ஆர்34 ஜிடி-ஆர் 330ஐ ஒட்டித் தந்ததாகக் கணிக்கிறார்கள். ஐம்பது குதிரைகளை ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் அமைதி காப்பது, குதிரைகளின் வரலாற்றிலேயே அரிய செயல்.

மறுதிசையில் சறுக்கியவையும் உண்டு. 1999இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 என்று வந்தது; வாங்கியவர்கள் சக்கரத் திறனை அளக்கும் டைனோ உருளையில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்றார்கள்; நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களையும் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. மாஸ்டா தன் 2001 மியாட்டாவுக்கு 155 என்று சொன்னதை 142 ஆக்கியது. அடுத்து ஆர்எக்ஸ்-8 காருக்கு 250 என்று பேச ஆரம்பித்து, அமெரிக்கப் புகை விதிகளுக்கு எஞ்சினை இணங்கச் செய்தபின் 238இல் வந்து நின்றது. வேண்டாதவர் காரைத் திருப்பித் தரலாம், வைத்துக்கொள்பவருக்கு இலவசப் பராமரிப்போடு 500 டாலர் என்றது. இவர்கள் எல்லாரும் ஷோரூம் வாடிக்கையாளரை நோக்கிப் பேசியவர்கள். அவருக்குப் பெரிய எண் பிடிக்கும். ஆகவே எண் பெரிதாயிற்று.

அற்றேல், வேறுபாடு அனைத்தும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே உராய்வில் போவதுதானே, இதில் மனோதத்துவத்துக்கு என்ன வேலை எனின், கூறுவம். கிராங்க்கில் அளந்த திறனில் நூற்றுக்குப் பத்து முதல் இருபதுவரை வழியில் கரைவது உண்மை. ஆனால் கரைவு எப்போதும் கழித்தல்தானே தவிரக் கூட்டல் ஆகாது. 2019இல் வந்த டொயோட்டா ஜிஆர் சூப்ராவின் விளம்பரத் திறன் அமெரிக்காவில் 335. உருளையில் ஏற்றி அளந்த சுயேச்சைச் சோதனைகளில் சக்கரங்களிலேயே ஏறத்தாழ அந்த எண் வந்துவிட்டது. உராய்வு குதிரை ஈன்றதாகக் கொள்ள இயற்பியல் இடம் தராது. ஆகவே இரண்டாம் மதமும் வீழ்ந்தது.

இனி, எண் எதுவானால் என்ன, ஓட்டம்தானே முக்கியம் என்பாரும் உளர். இவர்களே ஆபத்தானவர்கள், ஏனெனில் பாதி சரியாகச் சொல்கிறார்கள். வேகம் ஏற ஏறக் காற்றை விலக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. புகாட்டி வேரோன் 1001 குதிரைத்திறனில் மணிக்கு 407 கிலோமீட்டர் தொட்டது. 2010இல் அதன் சூப்பர் ஸ்போர்ட் வடிவம் 1200 குதிரைத்திறனோடு வந்தது. இருபது சதவீதம் கூடுதல் குதிரைகள். மூன்றாம் படிமூலம் எடுத்தால் ஆறு சதவீதம் கூடுதல் வேகம், அதாவது 432. சோதனைப் பாதையில் அது எட்டியது 431. இருநூறு குதிரைகள் சேர்ந்து உழைத்துத் தந்தது இருபத்து நான்கு கிலோமீட்டர் என்ற இந்தக் கணக்கு, குதிரைகளிடம் சொல்லத்தக்கதன்று. இதையே ஆர்எக்ஸ்-8க்குப் பொருத்தினால், காணாமற்போன பன்னிரண்டு குதிரைகளால் உச்ச வேகத்தில் நேர்ந்த நட்டம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. புறப்படும் கணத்திலோ கதை இன்னும் மோசம். அங்கே டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதே எல்லை, மிகுந்த குதிரைகள் ரப்பரைப் புகையாக்குவதோடு சரி. ஓட்டமே முக்கியம் என்றால் பன்னிரண்டு குதிரைக்காக ஒரு நிறுவனம் காரையே திரும்ப வாங்க முன்வருவானேன்? விற்கப்பட்ட பொருளில் ஓட்டத்தைப்போல் எண்ணும் ஒரு பாகமாக இருந்தது என்பதே காரணம்.

கடைசித் தடை: இப்போது அமெரிக்காவில் எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பின் விதிப்படி, சாட்சி ஒருவர் பக்கத்தில் நிற்க எஞ்சினை ஓட்டிச் சான்றிதழ் பெறும் முறை வந்துவிட்டதே, பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பது. அம்முறை வந்தது 2005இல். முதலில் சான்று பெற்ற கார்வெட் இசட்06 எஞ்சின் 505 என்று நிமிர்ந்து நின்றது. அதே காலத்தில் வி6 கேம்ரியின் 210 குதிரைகளில் இருபது, விதி இறுகியதும் லாயத்தைவிட்டு வெளியேறின. ஆனால் சாட்சியை வைத்து எஞ்சினை அளக்கத் தொடங்கிய பத்தாண்டுக்குள் எஞ்சினே இல்லாத கார் வந்துவிட்டது. 2014இல் டெஸ்லா தன் மாடல் எஸ் பி85டி காருக்கு 691 குதிரைத்திறன் என்றது. முன் மோட்டார் 221, பின் மோட்டார் 470. கூட்டினால் 691, கூட்டலில் பிழையில்லை. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் அவ்வளவு மின்சாரத்தைப் பேட்டரி தருமா என்பதைத்தான் கூட்டல் கேட்கவில்லை. பேட்டரி தரக்கூடியது 463 என்று பின்னர் வெளியாயிற்று. நார்வேயில் வாங்கியவர்கள் வழக்குக்குப் போனார்கள். அந்தக் கார் நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட விளம்பரம் சொன்ன மூன்றேசொச்ச நொடியைத்தான் எடுத்துக்கொண்டது, அதில் பெரிதாகத் தகராறு இல்லை. முறையீடு முழுக்க அச்சிலிருந்து வீட்டுக்கு வந்து சேராத குதிரைகளைப் பற்றியது. 2016இல் நிறுவனம் அவர்களோடு சமரசம் செய்துகொண்டது. ஈடு குரோனரில் கொடுக்கப்பட்டது.